மூச்சு அசையாத படம்

அன்னாசிச் சாறு எனக்கு ஆகாது. வாசனை பட்டாலே பல் கூசும். ஆனால் இந்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஊற்றிக் கொடுத்த அன்னாசிச் சாற்றையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், இந்தக் கட்டடத்து மொட்டைமாடித் தொட்டி இரண்டு முறை நிரம்பியிருக்கும்.

எழுதுகிற பெண்ணே, இதையுமா எழுதுகிறாய்? எழுது, எழுது. மெதுவாகவே சொல்கிறேன். விரலுக்கு நெட்டி முறித்துக்கொள், அவசரமில்லை. தலைவியம்மா, அந்த மின்விசிறி உங்கள் தலைக்கு நேராகச் சுற்றுகிறது, கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் தம்பி காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது, முகத்திலேயே தெரிகிறது. என் பையில் பிஸ்கட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளப்பா.

விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட வரச்சொன்னீர்கள். போடுகிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 'நீண்ட அனுபவமுள்ள, பொறுப்பான ஊழியர்' என்று என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்து எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் பதினேழாவது வரி தப்பு. நேற்று முழுக்க அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் திருத்தினால் போட்டுவிடுகிறேன். ஏன் தப்பு என்று சொல்வதற்கு முன்னால், ஒரு படம் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். மூன்று பேரும் படித்தவர்கள். ஆனால் ஸ்கேன் அறைக்குள் வேலை பார்த்தவர்கள் இல்லையே.

நானும் படித்துவிட்டு வந்தவள் இல்லை. தள்ளுவண்டி தள்ளத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளிகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அப்புறம்தான் பரீட்சை எழுதினேன், என் மகன் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதின அதே மாதத்தில்.

பித்தக் குழாயைப் படம் எடுக்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும். வந்ததும் ஒரு டம்ளர் அன்னாசிச் சாறு. ஏன் தெரியுமா? எங்கள் படத்தில் தேங்கி நிற்கிற நீரெல்லாம் வெள்ளையாகத் தெரியும். பித்தமும் வெள்ளை, வயிற்றுக்குள் கிடக்கிற நீரும் வெள்ளை. வயிறு முன்னால் வந்து நின்றுகொண்டு பின்னால் இருக்கிற குழாயை மறைத்துவிடும். அன்னாசிச் சாறு உள்ளே போனால் வயிறு மட்டும் கறுத்து ஒதுங்கிக்கொள்ளும். குழாய் தனியாக, இலையுதிர்ந்த மரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, வெள்ளை வெளேரென்று தெரியும். அவ்வளவு அழகு. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த வெள்ளை மரத்தில் எங்கேயாவது கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தால் கல் என்பார்கள். பெரும்பாலும் கல்தான். ஆனால் எல்லா ஓட்டையும் கல் இல்லை, கண்ணுகளா. பக்கத்தில் ஓடுகிற ரத்தக்குழாய் துடித்து ஒரு நிழலைப் போடும். படுத்திருக்கிறவர் மூச்சு விட்டால் ஒரே குழாய் இரண்டாகத் தெரியும். பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் தன்னைச் சுற்றி ஒரு பள்ளத்தையே காட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரன் காற்றுக் குமிழி.

அந்தத் தண்ணீர்ப் புட்டியை இப்படிக் கொடுங்கள். இதோ, படுக்கப் போட்டேன். குமிழி எங்கே போயிற்று? மேலே. இதற்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டால் எங்கே கிடக்கும்? அடியில். அவ்வளவுதான் வித்தை. மல்லாந்து படுத்திருக்கிறவருக்குக் காற்று முன்பக்கம் மிதக்கும், கல் முதுகுப்பக்கம் படியும். ஆனால் இதை மொத்தப் படத்தில் பார்க்க முடியாது. மொத்தப் படம் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி ஒரே தாளில் காட்டுவது. அதில் குமிழியும் கறுப்பு, கல்லும் கறுப்பு. ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி உடம்பைக் குறுக்கே மெலிதாக வெட்டி வெட்டிக் காட்டுகிற துண்டுப் படங்கள் இருக்கின்றன. அதில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மொத்தப் படத்தை நம்பாதே, துண்டைப் பார். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

எங்கள் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுத முன்பு இருந்த பெரிய டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தால் பென்சிலால் ஒரு சீட்டு எழுதிப் படிவத்தில் ஒட்டிவிடுவேன். 'காற்றாக இருக்கலாம்', 'ரத்தக்குழாய் நிழல், பதினோராம் துண்டு' என்று ரெண்டு வார்த்தை. அவர் சீட்டை உரித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மேல்மாடியில் ஒரு கூட்டம் நடத்துவார். அந்த மாதம் எங்களை ஏமாற்றின படங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு எல்லாரையும் ஊகிக்கச் சொல்வார். ஏமாளி வியாழன் என்று அதற்குப் பெயர். பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கல், கட்டி, சுருக்கம் என்று அடித்துச் சொல்லி முடித்த பிறகு, அவர் என் பக்கம் திரும்பி, "சரி, கடைசி நாற்காலி என்ன சொல்லுது?" என்பார்.

கடைசி நாற்காலி நான்தான். எழுந்து நின்று சொல்வேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். இப்போது இருக்கிறவர் வந்தார். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். வந்த இரண்டாம் வாரத்திலேயே எங்கள் பிரிவில் அவருக்குச் சுருக்கு டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. கெட்டவர் இல்லை. வேகமானவர். ஒரு லாரி டிரைவருக்குக் குழாயில் ஓட்டை தெரிந்தது. நான் வழக்கம்போலச் சீட்டு ஒட்டினேன், ரத்தக்குழாய் நிழல் என்று. அவர் கீழே இறங்கி வந்தார். அறையில் இரண்டு நர்சு, ஒரு பயிற்சி டாக்டர், தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் இருந்தார்கள். சீட்டைக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு காட்டினார்.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான் டாக்டர்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

நான் சொன்னேன்.

"அப்ப படம் எடுக்கிறவங்க எடுங்க. படிக்கிறத நாங்க படிச்சுக்கிறோம். சரியாம்மா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அந்த 'அம்மா'வில் மரியாதை இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. லாரி டிரைவருக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுத் தேடினார்கள். கல் இல்லை. அவர் ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்துவிட்டு எழுந்து போனார். கேள்வி வந்தபோது சுருக்கு டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா? 'நோயாளியின் மூச்சு அசைவால் படத்தின் தரம் குறைவு.' எனக்கு ஒரு மெமோ வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் மெமோ. மூச்சு அசைவாம். என் படத்தில்.

அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பத்து முறை பார்த்திருப்பேன். ஒரு மயிரிழை அசைவு கிடையாது.

அதற்குப் பிறகு ஓர் ஆணை வந்தது. துண்டுப் படங்கள் கணினியை அடைக்கின்றன, இனிமேல் மொத்தப் படம் மட்டும் மேலே அனுப்பினால் போதும், தேவைப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று. கேட்பார் என்று நினைத்தேன். ஒன்பது மாதம். இன்டர்காமில் நானாகவே அழைத்து, "டாக்டர், அந்த அம்மாவுக்குத் துண்டு ஒருதடவை பார்த்துடுங்களேன்" என்பேன். "ரிப்போர்ட் போயிடுச்சும்மா" என்பார். இன்னொரு முறை, "அந்தப் பெரியவருக்கு வயித்துல தண்ணி நின்னுருக்கு, அது குழாய் மேல விழுது" என்பேன். "சுருக்கமா, என்ன வேணும் உங்களுக்கு?" என்பார். என்ன வேண்டும் எனக்கு! பதினோரு முறை அழைத்தேன். பன்னிரண்டாவது முறை அவர் எடுக்கவே இல்லை. ஏமாளி வியாழனும் டாக்டர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. கடைசி நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. வரும்போது பார்த்தேன், அதில் ஒருவர் குடையை வைத்திருந்தார்.

சலவை அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அறைக்கு அடுத்த சுவர் சலவைப் பிரிவு. அவள் அங்கே விரிப்பு மடிப்பவள். என்னைவிட மூன்று வயது பெரியவள். பத்தொன்பது வருஷமாக மதியச் சாப்பாடு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான், நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற மரப்பெஞ்சில். அவளுக்கு நான் போட்டோக்காரி.

"ஏய் போட்டோக்காரி, இன்னிக்கு யாரு வயித்தடி எட்டிப் பார்த்த?"

"உன் வயித்தத்தான் பார்க்கணும், என் பங்கையும் சேர்த்துத் தின்னுட்டு."

"என் வயித்துல என்னடி இருக்கு, உன் சமையல்தான் இருக்கு. அத போட்டோ எடுத்தா மெஷினே வாந்தி எடுக்கும்."

இப்படித்தான் பேசுவாள். அவள் சிரித்தால் பெஞ்சு ஆடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் லீவு போட்டுவிட்டுத் தன் தங்கை ஊருக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். அங்கே வயிற்றுவலி வந்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக் குழாயின் வாயைச் சின்னதாக வெட்டிக் கல் எடுத்தார்களாம். மகளுக்கு அப்போது பரீட்சை நேரம், அதனால் சொல்லவில்லை. அப்புறம் சொல்லாமலே விட்டுவிட்டாள். தங்கையும் போய்ச் சேர்ந்தாள். ஆக, இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் அவளும் நானும்தான்.

குழாயின் வாயை ஒருமுறை வெட்டினால் அது பழையபடி இறுக்கமாக மூடாது. குடலில் இருக்கிற காற்று மேலே ஏறி உள்ளே குமிழி கட்டும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. படத்தில் மட்டும் கல் மாதிரி தெரியும்.

போன மாதம் அவளுக்கு மேல்வயிற்றில் வலி. முழங்கால் வலிக்கு மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தாள், அதனால் வந்த புண் என்று பின்னால் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையிலும் ஏதோ கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது என்று வயிற்று டாக்டர் எங்களிடம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. மகளோடு வந்தாள். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

'இதற்கு முன் அறுவை, குழாய்ச் சிகிச்சை ஏதேனும் உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் பேனா அங்கே வந்து நின்றது. மகள் கைகழுவப் போயிருந்தாள்.

"அக்கா, அந்தப் பழைய குழாய் சமாச்சாரம்..."

"ஐயையோ, அத எழுதாதடி. அவ பார்த்தா இப்ப உட்கார்ந்து அழுவா. ஆறு வருஷமா மறைச்சிட்டியேம்மான்னு."

"சரி, நானும் எழுதல. மேல டாக்டர் யாராச்சும் கேட்டாலும் இல்லன்னே சொல்லிடு. பழசையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு."

"அதானே."

இல்லை என்று எழுதினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு திட்டமும் கிடையாது. அவள் கேட்டாள், நான் செய்தேன். அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அன்னாசிச் சாற்றைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதுல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்றாள். படுக்க வைத்தேன். காதை அடைத்துவிட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் சொன்னேன்: மூச்சை இழுங்க, பிடிங்க. முதல் தடவை சிரித்துவிட்டாள், வயிறு குலுங்கியது. "அக்கா, மானத்த வாங்காத" என்றேன். அப்புறம் அசையவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் விடச் சொல்லும்வரை கல் மாதிரி கிடந்தாள்.

மொத்தப் படம் வந்தது. குழாயின் நடுவில் கறுப்பாக, உருண்டையாக, அழகாக ஒரு ஓட்டை. பாடப்புத்தகத்துக் கல். துண்டுப் படங்களைத் திறந்தேன். புட்டியில் பார்த்தீர்களே, அதேதான். முன்பக்கம் மிதந்துகொண்டு, கீழ்விளிம்பு கோடு கிழித்த மாதிரி நேராக. குமிழி. யாருக்கும் ஒரு துளி சந்தேகம் வராது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. லாரி டிரைவர் விஷயத்தில் நான் சொன்னது சரி என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற பதினொன்றில் எனக்கே முழு நிச்சயம் கிடையாது. இது ஒன்றில்தான் எனக்கு எல்லாம் தெரியும். படமும் தெரியும், பழைய கதையும் தெரியும். அடுத்த வியாழன் முதல் வியாழன். சுருக்கு டாக்டர் கல் என்று எழுதுவார். குழாய் விட்டுத் தேடுவார்கள், ஒன்றும் இருக்காது. அவளுக்கு ரெண்டு நாள் தொண்டை வலிக்கும், அவ்வளவுதான். வியாழக்கிழமை நான் மேல்மாடிக்குப் போய்த் துண்டைச் சுவரில் போடுவேன். அதற்குப் பிறகு யாரும் துண்டைப் பார்க்காமல் எழுதமாட்டார்கள். எத்தனை பேர் பிழைப்பார்கள், நீங்களே யோசித்துப் பாருங்கள். வேறொருவராக இருந்தால் என்மேல் கோபப்படுவார். அவள் கோபப்படமாட்டாள். சொன்னால் சிரிப்பாள்.

ஆணையில் இருந்தபடி மொத்தப் படத்தை மட்டும் அனுப்பினேன். துண்டுகளை ஒரு சி.டி. வட்டில் ஏற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் அழித்துவிட்டேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஏழு மில்லிமீட்டர் கல்.

வராந்தாவில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, கல்லுங்கிறாங்களே, பயமா இருக்கு. பெருசா ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமே இல்ல கண்ணு," என்றேன். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொன்னது நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை குழாய் விட்டார்கள். கல் இல்லை. உள்ளே பழைய தழும்பு மாதிரி ஏதோ தெரிகிறது, முன்னால் ஏதாவது செய்திருக்கிறார்களா என்று குழாய் டாக்டர் அவளிடமே கேட்டிருக்கிறார். மகள் பக்கத்தில் நின்றாள். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டாள். படிவத்திலும் இல்லை. கல்லே தானாக வழி பண்ணிக்கொண்டிருக்கலாம், படத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இன்னும் அகலமாக வெட்டித் தேடுவோம் என்று செவ்வாய் மத்தியானத்துக்கு மறுபடி போட்டார்கள். அந்த இரண்டாவது தடவையில்தான் குடல் கிழிந்தது. அதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது, நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். காய்ச்சலில் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

"போட்டோக்காரி," என்றாள். குரலே இல்லை. "உன் போட்டோவுல அப்படி என்னடி இருக்கு? தோண்டித் தோண்டிப் பார்க்கிறாங்க."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"இன்னிக்கே சொல்லேன்."

"நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்குச் சொல்றேன்."

அவளுடைய போர்வை நாலு மூலையும் சரியாக இல்லை. அவள் மடித்திருந்தால் அப்படி இருக்காது. எடுத்து உதறிப் போட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை விடியும்போது போய்விட்டாள். எனக்குத் தெரியாது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பையில் வட்டோடு, பத்து மணிக்கு மேல்மாடிக்குப் போனேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு மரணத்தின் காரணமாகக் கூட்டம் ரத்து. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெயரைக் கீழே இறங்கி வந்துதான் கேட்டேன். பெயரைக் கேட்டபிறகும் அந்த ஏமாற்றம் உடனே போய்விடவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இப்போது பதினேழாவது வரி. எழுதுகிற பெண்ணே, நீதான் தட்டச்சு செய்தாய், வாசி பார்க்கலாம். வேண்டாம், நீ எழுதிக்கொண்டிரு. நானே சொல்கிறேன், மனப்பாடம். 'செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் தொலைபேசியில் துண்டுப் படங்களைக் கேட்டதாகவும், அவை நோயாளியின் மூச்சு அசைவால் பயனற்றுப்போனதாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் கூறுகிறார்.' போன விசாரணையில் நீங்கள் என்னைக் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். நீங்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டீர்கள். மறுபடி படம் எடுக்காமல் வெட்ட அனுமதித்தது சுருக்கு டாக்டரின் தப்பு என்று முடித்துவிட்டீர்கள். அவர் வேலை போகப்போகிறது.

அவர் கேட்டது உண்மை. செவ்வாய் காலை ஒன்பதரை மணி. ஒன்பது மாதத்தில் முதல் முறையாக இன்டர்காம் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது.

"அம்மா, அந்தச் சலவைப் பிரிவு அம்மாவோட துண்டுப் படம் இருக்கா? எனக்கு மனசு சரியில்ல. கல்லுதானான்னு ஒருதடவை பார்த்துடறேன்."

என்ன குரல் தெரியுமா? ரொம்பத் தணிவான குரல். சின்னப் பிள்ளை மாதிரி. வட்டு என் மடியிலேயே இருந்தது. நான் சொன்னேன்: "அசைஞ்சிட்டாங்க டாக்டர். மூச்சு நிக்கல. எல்லாம் கெட்டுப்போச்சு."

"திரும்ப எடுக்க முடியுமா?"

"எடுத்தாலும் அப்படித்தான் டாக்டர் வரும். அந்த வயசுக்கு மூச்சு நிக்காது."

அப்புறம் கேட்டார். அதை அவர் உங்களிடம் சொன்னாரா தெரியாது, அறிக்கையில் இல்லை. "நீங்க நேர்ல பார்த்தீங்களேம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன். கடைசி நாற்காலி என்ன சொல்லுது. அதே கேள்விதான். அவர் திருந்திவிட்டார், தலைவியம்மா. நான் கற்றுக்கொடுக்க நினைத்த எல்லாவற்றையும் அவர் அந்த நிமிஷம் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இங்கே, இன்டர்காமில், யாருமே கேட்காத இடத்தில் சொல்லி என்ன பிரயோசனம்?

"படிக்கிறது நீங்க டாக்டர்," என்றேன்.

இதோ அந்த வட்டு. வக்கீல் தம்பி, உன் கணினியில் போடு. பயப்படாதே, ஒன்றும் கடிக்காது. குமிழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓரங்களைப் பாருங்கள். கல்லீரலின் ஓரத்தைப் பாருங்கள், எவ்வளவு கூர்மை. நாற்பது துண்டிலும் ஒரு மங்கல் உண்டா? என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் மூச்சு அசைந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மாதிரிப் படம் என் கையிலிருந்து போனதே கிடையாது. பாவம், அவளுக்கும் அது கெட்ட பெயர். நான் பிடி என்றால் எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிருந்தாளே.